வண்டிக்கு இருக்கு, உனக்கு இருக்கா?

போன வாரம் ஒரே வீடியோவை ஐந்து பேர் எனக்கு வாட்ஸாப்பில் அனுப்பியிருந்தார்கள். லண்டன் நைட்ஸ்பிரிட்ஜ், ஹாரட்ஸ் கடைக்குப் பக்கத்துத் தெரு. ஊதா நிற லம்போர்கினி ஒன்றை ரெக்கவரி லாரியில் ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். தரையை ஒட்டிக் கிடக்கும் கார் என்பதால் முன்பக்கம் உரசாமல் இருக்கச் சக்கரத்துக்கு அடியில் பலகை கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக இழுக்கிறார்கள். கண்ணாடியில், இன்ஷூரன்ஸ் இல்லாமல் ஓட்டியதால் பறிமுதல் என்று காவல்துறை ஒட்டிய ஸ்டிக்கர். ஓட்டி வந்த பையனுக்கு 22 வயது இருக்கலாம். நடைபாதையில் போனைக் காதில் வைத்துக்கொண்டு நிற்கிறான். சுற்றிலும் நிற்கிற அத்தனை பேர் கையிலும் போன்.

அனுப்பியவர்கள் எல்லாருமே கீழே சிரிப்பு பொம்மை போட்டிருந்தார்கள். "கார் வாங்கக் காசு இருக்கு, இன்ஷூரன்ஸ் கட்டக் காசு இல்லையா?" என்று ஒருவர் கேட்டிருந்தார். இரண்டு வருடத்துக்கு முன்னால் என்றால் நானும் சிரித்துவிட்டு அடுத்த ஆளுக்கு அனுப்பியிருப்பேன். இப்போது முடியவில்லை. எங்கள் வீட்டுப் பையன் ஒருவன் அதே மாதிரி நடைபாதையில் நின்றதை நான் பார்த்திருக்கிறேன். அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. ஆனால் அதற்கு முன்னால் இந்த நைட்ஸ்பிரிட்ஜ் விஷயத்தைக் கொஞ்சம் பேசிவிடுகிறேன், ஏனென்றால் அதில் நம் ஆட்கள் பலர் தவறாகப் புரிந்துகொள்ளும் ஒரு சங்கதி இருக்கிறது.

கோடை வந்தால் ஸ்லோன் ஸ்ட்ரீட், பிராம்ப்டன் ரோடு பக்கம் குவைத், கத்தார், சவூதி நம்பர் பிளேட்டுகளோடு கார்கள் திரிவதை லண்டனில் இருப்பவர்கள் பார்த்திருப்பீர்கள். விமானத்தில் சரக்காக ஏற்றி வந்து, இரண்டு மூன்று மாதம் ஓட்டிவிட்டுத் திரும்ப எடுத்துப் போவார்கள். இரவில் அவர்கள் எழுப்பும் இன்ஜின் சத்தம் தாங்காமல் கென்சிங்டன்-செல்சி கவுன்சில் 2015-இல் தனியாக ஒரு தடை உத்தரவே போட்டது. சத்தம் ஒரு பக்கம். இன்ஷூரன்ஸ் இன்னொரு பக்கம். வளைகுடாவில் எடுத்த பாலிசி பிரிட்டன் சாலையில் செல்லாது. இங்கே சக்கரம் தரையைத் தொடுவதற்கு முன்னால் இங்கே செல்லும் பாலிசி இருக்க வேண்டும். இளவயது, பிரிட்டனில் ஓட்டிய சரித்திரம் எதுவும் இல்லை, மூன்று லட்சம் பவுண்ட் கார் என்றால் பாலிசி கொடுக்கவே பல கம்பெனிகள் தயங்கும். கொடுத்தாலும் பிரீமியம் தலை சுற்ற வைக்கும். இரண்டு மாதம்தானே, பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்பிவிடுகிறார்கள். 2025 ஆகஸ்டில் மெட்ரோபாலிட்டன் காவல்துறை கென்சிங்டன், செல்சி, ஹைட் பார்க் சுற்றுவட்டாரத்தில் ஒரு வார இறுதியில் டஜன் கணக்கில் விலையுயர்ந்த கார்களைப் பறித்தது இந்தக் கணக்கில்தான்.

வெளிநாட்டுக்காரர்கள் மட்டும் என்று நினைக்காதீர்கள். உள்ளூரிலேயே மாதத் தவணைக்குப் பெரிய கார் எடுத்துவிட்டு, பிரீமியம் தவணை ஒன்றைத் தவறவிட்டு, பாலிசி ரத்தானது தெரியாமல் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். மின்னஞ்சலில் வந்த ரத்துக் கடிதத்தைத் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள். ஒரு நாள் வாடகைக்கு எடுத்து மாற்றி மாற்றி ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். எங்கள் கதை இந்தக் கடைசி வகை.

காவல்துறை இதைச் செய்வதற்கான அதிகாரம் மிகப் பழையதல்ல. இன்ஷூரன்ஸ் கட்டாயம் என்பது பிரிட்டனில் 1930-லிருந்தே சட்டம். இப்போது நடப்பில் இருப்பது 1988-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டம். ஆனால் வண்டியை அந்த இடத்திலேயே பறிக்கலாம் என்கிற 165ஏ பிரிவு 2005-இல்தான் சேர்ந்தது. அதற்கு முன்னால் பிடித்தாலும் சீட்டு எழுதிக் கொடுத்து நீதிமன்றத்துக்கு அனுப்புவார்கள். ஆள் அபராதம் கட்டுவான், மறுபடியும் அதே வண்டியில் ஏறிப் போவான். 2005-க்குப் பிறகு இதுவரை இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகளைப் பறித்திருக்கிறார்கள். அதில் லம்போர்கினிகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். மீதி எல்லாம் பத்து வயது கோர்சா, ஃபியஸ்டா, மொபெட். லம்போர்கினி வீடியோவில் வருகிறது, மற்றது வருவதில்லை.

பறிமுதல் ஏன் தேவைப்பட்டது என்பதற்கு அபராதத் தொகையைப் பார்த்தால் போதும். இன்ஷூரன்ஸ் இல்லாமல் பிடிபட்டால் 300 பவுண்ட், லைசென்ஸில் 6 புள்ளிகள். வழக்கு நீதிமன்றத்துக்குப் போனால் அபராதத்துக்கு உச்சவரம்பு கிடையாது, ஓட்டவே தடையும் விதிக்கலாம். ஆனால் பெரும்பாலும் சாலையோரத்தில் கொடுக்கப்படுவது அந்த 300 பவுண்ட் சீட்டுதான். கோர்சா ஓட்டுகிற ஆளுக்கு அது ஒரு வார வீட்டு வாடகை. மூன்று லட்சம் பவுண்ட் காரில் வருகிறவனுக்கு அது ஒரு இரவுச் சாப்பாடு. கார் லாரியில் ஏறுவது மட்டும்தான் இரண்டு பேரையும் ஒரே மாதிரி நடந்து வீட்டுக்குப் போக வைக்கிறது. அந்த வகையில் அந்தச் சட்டத்தின் மேல் எனக்கு மரியாதை உண்டு. எங்கள் வீட்டுப் பையனைத் தொட்ட பிறகும் அந்த மரியாதை குறையவில்லை.

பறித்த வண்டி போய்ச் சேரும் இடத்துக்கு இங்கே 'பவுண்டு' என்று பெயர். தஞ்சாவூர் பக்கத்தில் வளர்ந்த எனக்கு அந்த வார்த்தையை இங்கே கேட்டபோது ஊர் ஞாபகம்தான் வந்தது. அடுத்தவன் வயலில் மேய்ந்த மாட்டைப் பிடித்துக்கொண்டு போய்ப் பவுண்டில் அடைப்பார்கள். 1871-ஆம் ஆண்டு வெள்ளைக்காரன் போட்ட சட்டம், என் தாத்தா காலம் வரைக்கும் ஊரில் உயிரோடு இருந்தது. மாட்டுக்காரர் அபராதமும் கட்ட வேண்டும், அடைத்து வைத்திருந்த நாளுக்குத் தீனிக் காசும் கட்ட வேண்டும். நாள் தள்ளினால் காசு ஏறும். வராமலே போனால் மாடு ஏலத்துக்குப் போகும். இங்கே காருக்கும் அச்சு அசல் அதே முறை. தூக்கிப் போனதற்கு 192 பவுண்ட். நிறுத்தி வைத்திருக்கும் ஒவ்வொரு 24 மணி நேரத்துக்கும் 26 பவுண்ட். குறிப்பிட்ட கெடுவுக்குள் காகிதங்களோடு வந்து மீட்காவிட்டால் ஏலம், இல்லாவிட்டால் நசுக்கித் தகடாக்கிவிடுவார்கள்.

காகிதம் என்றால் அதில் ஒரு சிக்கல். மீட்கப் போகும்போது செல்லுபடியாகும் இன்ஷூரன்ஸ் காட்ட வேண்டும். அவசரத்துக்கு ஒரு நாள் பாலிசி எடுத்துப் போகலாம் என்று போய்த் திரும்பி வந்தவர்களை எனக்குத் தெரியும். காவல்துறை பறித்த வண்டியை மீட்க இந்தப் பாலிசி செல்லாது என்று பல குறுகிய காலப் பாலிசிகளில் வெளிப்படையாகவே எழுதியிருக்கும். அதற்கென்று தனியாகப் பாலிசி எடுக்க வேண்டும், விலையும் அதற்கேற்ப. இதைப் படிக்கிற யாருக்காவது அந்த நிலைமை வந்தால், பவுண்டுக்குக் கிளம்பும் முன்னால் கம்பெனிக்குப் போன் செய்து, பறிமுதல் ஆன வண்டி என்று வாய்விட்டுச் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

சரி, எங்கள் கதைக்கு வருகிறேன்.

என் சித்தி மகன் படிக்க வந்து, படிப்பு முடித்து, இங்கேயே வேலையில் சேர்ந்தவன். வயது 24. இங்கத்து டிரைவிங் டெஸ்டை மூன்றாவது தடவையில் பாஸ் செய்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அவனோடு ஒரே வீட்டில் தங்கியிருந்த நண்பனுக்கு வடமேற்கு லண்டனில் ஒரு மண்டபத்தில் கல்யாண ரிசப்ஷன். இங்கே நம் கல்யாணங்களில் மாப்பிள்ளை வந்து இறங்குவதற்கு ரோல்ஸ் ராய்ஸ், லம்போர்கினி என்று ஒரு நாள் வாடகைக்கு எடுப்பது இப்போது மேளம் வைப்பது மாதிரி ஆகிவிட்டது. அவர்களும் ஒரு லம்போர்கினி ஊரூஸ் எடுத்திருந்தார்கள். வாடகை ஒப்பந்தம் மாப்பிள்ளையின் அண்ணன் பெயரில். 25 வயதுக்கு மேல் ஆனவருக்குத்தான் தருவோம் என்று கம்பெனி சொன்னதால் அவர் பெயர். ஓட்டப் போகிறவர் என்று எழுதியிருந்ததும் அவர் பெயர் ஒன்றுதான்.

மண்டபத்துக்கு வந்து சேர்ந்தாயிற்று. வீடியோ எடுக்கிறவர் வெளிச்சம் போவதற்குள் கார் ஒரு சுற்று வந்து திரும்புகிற மாதிரி ஒரு காட்சி வேண்டும் என்று கேட்டிருக்கிறார். அண்ணன் வாசலில் விருந்தினரை வரவேற்றுக்கொண்டிருந்தார். சாவியை என் தம்பியிடம் கொடுத்து, "ஒரு ரவுண்டு அடிச்சுட்டு வாடா" என்றிருக்கிறார். பின் சீட்டில் மாப்பிள்ளையும் இன்னொரு நண்பனும். வேகம் இல்லை, சத்தம் இல்லை, சிவப்பு விளக்கைத் தாண்டவில்லை. மண்டபத்திலிருந்து அரை மைல்கூட இருக்காது. பின்னால் வந்த போக்குவரத்துக் காவல்துறை கார் நீல விளக்கைப் போட்டது.

விஷயம் தெரிந்து நான் போய்ச் சேர்ந்தபோது மழை தூறிக்கொண்டிருந்தது. காரை நிறுத்திய பெண் காவலர் கோபமாகவோ எகத்தாளமாகவோ ஒரு வார்த்தை பேசவில்லை, அதைச் சொல்ல வேண்டும். வண்டிக்கு இன்ஷூரன்ஸ் இருப்பது நாட்டில் எல்லா வண்டிகளின் பாலிசியும் பதிவாகியிருக்கும் தரவுத்தளத்தில் அவருக்கு அப்போதே தெரிந்துவிட்டது. வாடகைக் கார் என்றும் தெரிந்தது. ஒப்பந்தத்தைக் காட்டச் சொன்னார். மாப்பிள்ளை போனில் எடுத்துக் காட்டினார். அதில் இருந்த பெயரையும் என் தம்பியின் லைசென்ஸில் இருந்த பெயரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இரண்டு தடவை பார்த்தார். பிறகு, காரைப் பறிக்கப் போகிறேன், உள்ளே இருக்கும் பொருட்களை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். மாலை, ஒரு தட்டில் சந்தனம் குங்குமம், ஒரு சீப்பு, மாப்பிள்ளையின் கோட்டு. நான் வந்து இறங்கியபோது அதையெல்லாம் கையில் வைத்துக்கொண்டு மூன்று பேரும் நடைபாதையில் நின்றார்கள்.

என்னைப் பார்த்ததும் தம்பி சொன்ன முதல் வார்த்தை: "அண்ணா, வண்டிக்கு இன்ஷூரன்ஸ் இருக்குண்ணா. ஃபுல் கவர்ணா. நீங்க கொஞ்சம் சொல்லுங்கண்ணா."

இந்த ஒரு வாக்கியத்தில்தான் எல்லாமே இருக்கிறது. அவன் பொய் சொல்லவில்லை. வண்டிக்கு இருந்தது. நம் ஊரில் வளர்ந்த யாரும் அதைத்தான் கேட்பார்கள், அதைத்தான் சரிபார்ப்பார்கள். எங்கள் தெருவில் ஒரு ஸ்ப்ளெண்டரை ஆறு பேர் ஓட்டுவோம். பால் வாங்கப் போகிறவன் எடுப்பான், ஸ்டேஷனுக்கு ஆளை ஏற்றிவரப் போகிறவன் எடுப்பான். லைசென்ஸ் இருக்கிறவன், வண்டிக்காரர் சம்மதத்தோடு ஓட்டினால், அந்த வண்டியின் பாலிசி அவனுக்கும் சேர்த்துத்தான். இந்தியாவில் பாலிசி வண்டியோடு ஒட்டிக்கொண்டது. பிரிட்டனில் வண்டியையும் அதை ஓட்டுகிற ஆளையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். இந்த வண்டியை, இன்னார், இன்ன காரியத்துக்காக ஓட்டலாம் என்பதுதான் இங்கே பாலிசி. பெயர் இல்லாதவன் ஓட்டினால் சட்டத்தின் கண்ணில் அந்த நேரத்தில் அந்த வண்டிக்கு இன்ஷூரன்ஸே இல்லை. அண்ணன் பாலிசி, அப்பா பாலிசி, ரூம்மேட் பாலிசி எதுவும் காப்பாற்றாது.

முழுக் காப்பீடு எடுத்திருந்தால் மற்றவர்கள் வண்டியையும் ஓட்டலாமே என்று சிலர் சொல்வார்கள். அப்படி ஒரு வசதி சில பாலிசிகளில் உண்டு. எல்லாவற்றிலும் கிடையாது. இருந்தாலும் பெரும்பாலும் 25 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குத்தான், வாடகை வண்டிக்குச் செல்லாது, இடிபட்ட எதிராளிக்கு மட்டும்தான் ஈடு கிடைக்கும். உங்கள் சான்றிதழில் அந்த வரி அச்சாகியிருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. நண்பர் சொன்னார் என்று நம்பி ஏறிவிடாதீர்கள்.

அதற்குப் பிறகு நடந்தது எல்லாம் மெதுவாக வந்த கஷ்டம். மாப்பிள்ளை மினிகேபில் மண்டபத்துக்குத் திரும்பினார். ரிசப்ஷன் நடந்தது, எல்லாரும் சாப்பிட்டார்கள், மணமகளின் அப்பா மட்டும் யாரோடும் பேசவில்லை. வாடகைக் கம்பெனி தங்கள் காகிதங்களோடு போய்க் காரை மூன்றாம் நாள் மீட்டது. மீட்ட செலவு, கார் ஓடாத நாட்களுக்கான வாடகை எல்லாவற்றையும் டெபாசிட்டில் கழித்துக்கொண்டார்கள். சாவி கொடுத்த அண்ணனையும் சட்டம் விடவில்லை. இன்ஷூரன்ஸ் இல்லாத ஒருவரை ஓட்ட அனுமதித்ததும் அதே சட்டத்தில் குற்றம்தான். அவருக்கும் 6 புள்ளிகள்.

தம்பிக்கு விழுந்ததும் அதே 6 புள்ளிகள்தான். ஆனால் அவனுக்கு அதன் எடை வேறு. டெஸ்ட் பாஸ் செய்து முதல் இரண்டு வருடத்துக்குள் 6 புள்ளிகள் வந்தால் லைசென்ஸே போய்விடும். 1995-இல் புதிய ஓட்டுநர்களுக்கென்றே போட்ட சட்டம். லைசென்ஸ் வழங்கும் டிவிஎல்ஏவிலிருந்து கடிதம் வந்தது. மறுபடியும் 'எல்' போர்டு, மறுபடியும் எழுத்துத் தேர்வு, மறுபடியும் ஓட்டுத் தேர்வுக்குத் தேதி கிடைக்க மாதக்கணக்கில் காத்திருப்பு. அதற்கும் மேல் அந்தக் குற்றத்தின் குறியீடு நான்கு வருடம் லைசென்ஸில் இருக்கும், பிரீமியம் கேட்கும் ஒவ்வொரு தடவையும் அதைச் சொல்ல வேண்டும். அவன் வேலைக்கு இரண்டு பஸ் மாறிப் போக ஆரம்பித்தான். சித்திக்கு இன்றுவரை முழு விவரம் சொல்லவில்லை.

நாங்கள் எல்லாருமே அந்த வாரம் சட்டத்தைத் திட்டினோம். ஒரு சுற்றுதானே, அரை மைல்தானே, யாரையும் இடிக்கவில்லையே. நானும்தான் பேசினேன். ஈஸ்ட் ஹாமில் நான் வழக்கமாகச் சாமான் வாங்கும் கடையில் கல்லாவில் இருக்கும் அக்கா ஒருவர் அதைக் கேட்டுக்கொண்டே முருங்கைக்காயை நிறுத்துப் போட்டார். யாழ்ப்பாணத்துக்காரர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அவர் ஒரு காலைச் சாய்த்து நடப்பதைப் பல வருடமாகப் பார்த்திருக்கிறேன், ஏன் என்று கேட்டதில்லை.

"என்னை அடிச்சவனுக்கும் இன்சூரன்ஸ் இல்லைத் தம்பி" என்றார்.

வரிக்குதிரைக் கோட்டில் கடந்துகொண்டிருந்திருக்கிறார். காலை ஏழு மணி, கடை திறக்கப் போகும் நேரம். கால் எலும்பு இரண்டு இடத்தில் முறிந்து, உள்ளே கம்பி வைத்து, எட்டு மாதம் வேலைக்குப் போகவில்லை. எந்தக் கார் என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை, அந்த லம்போர்கினி நினைப்பிலேயே இருந்ததால் கேட்டிருப்பேன். "எந்தக் கார் எண்டு நான் பாக்கேல்லை. வெள்ளை நிறம். அவ்வளவுதான் தெரியும்" என்றார்.

அவருக்கு நஷ்டஈடு கிடைத்தது. இரண்டு வருடத்துக்கு மேல் இழுத்தது, ஆனால் கிடைத்தது. கொடுத்தது மோட்டார் இன்ஷூரர்ஸ் பீரோ. இடித்தவனுக்கு இன்ஷூரன்ஸ் இல்லாவிட்டாலும், இடித்துவிட்டு ஓடிவிட்டாலும், அடிபட்டவர் கைவிடப்படக் கூடாது என்பதற்காக 1946-இல் ஏற்படுத்திய அமைப்பு. பிரிட்டனில் வண்டி இன்ஷூரன்ஸ் விற்கும் ஒவ்வொரு கம்பெனியும் அதில் உறுப்பினராகிப் பணம் கட்ட வேண்டும். அந்தப் பணம் நாம் கட்டும் பிரீமியத்திலிருந்துதான் போகிறது. இன்ஷூரன்ஸ் இல்லாதவராலோ இடித்துவிட்டு ஓடுகிறவராலோ 20 நிமிடத்துக்கு ஒருவர் அடிபடுகிறார் என்று அந்த அமைப்பே சொல்கிறது. அக்காவின் காலில் இருக்கும் கம்பிக்கு முறையாகப் பிரீமியம் கட்டும் ஓட்டுநர்கள் எல்லாரும் சேர்ந்துதான் காசு கொடுத்திருக்கிறார்கள். இடித்தவரிடமிருந்து பீரோ பிறகு வசூலிக்கப் பார்க்கும். அவரிடம் இருந்தால்தானே.

இன்னொன்றையும் அவர் வழக்கு மூலமாகத்தான் தெரிந்துகொண்டேன், அது என்னை உலுக்கிவிட்டது. ஓட்டுகிறவனுக்கு இன்ஷூரன்ஸ் இல்லை என்று தெரிந்தே ஒருவர் அந்த வண்டியில் ஏறி உட்கார்ந்து, விபத்தில் அடிபட்டால், அவருக்கு அந்தப் பீரோ பணம் தராமல் போகலாம். அன்று பின் சீட்டில் உட்கார்ந்திருந்த இரண்டு பையன்களை நினைத்தேன். ஒருவனுக்கு அன்று கல்யாணம்.

அந்தக் கடையிலிருந்து வெளியே வந்த பிறகு நான் சட்டத்தைத் திட்டவில்லை. 1930-க்கு முன்னால் ஏழை ஒருவன் ஓட்டிய வண்டியில் அடிபட்டவர் வழக்குப் போட்டு ஜெயித்தாலும் கையில் ஒன்றும் வராது. ஓட்டியவனிடம் காசு இருக்காது. அந்த அநியாயத்தைத் தீர்க்கத்தான் எதிராளிக்கான காப்பீட்டைக் கட்டாயமாக்கினார்கள். நம் காரைக் காப்பாற்றச் சட்டம் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. லம்போர்கினி தீப்பிடித்து எரிந்தாலும் சட்டத்துக்குக் கவலை இல்லை. சாலையைக் கடக்கிற அக்காவுக்காக மட்டும்தான் அது கட்டாயம். இந்தியாவிலும் கட்டாயக் காப்பீட்டு விதி நடப்புக்கு வந்தது 1946-இல்தான். ஆனால் ஊரில் ஓடும் வண்டிகளில் பாதிக்கு மேல் இன்னும் இன்ஷூரன்ஸ் இல்லாமல்தான் ஓடுகின்றன என்று நாடாளுமன்ற நிலைக்குழுவே எழுதியிருக்கிறது. அங்கே அடிபடுகிறவர்களை நினைத்தால் மனது பதறுகிறது. அது தனிப் பதிவாக எழுத வேண்டிய விஷயம்.

செப்டம்பரில் படிக்க வருகிற பிள்ளைகள் இதைப் படித்தால் ஒன்று சொல்ல வேண்டும். லம்போர்கினியில் யாரும் ஏறப் போவதில்லை, தெரியும். ஆனால் உணவு டெலிவரிக்கு மொபெட் ஓட்டப் போவீர்கள். சாதாரணப் பாலிசி என்பது சொந்த உபயோகத்துக்கும், சேர்த்து எடுத்திருந்தால் வேலைக்குப் போய்வருவதற்கும். காசு வாங்கிக்கொண்டு சாப்பாடு கொண்டு போனால் அதற்கென்று தனிப் பாலிசி வேண்டும். பையில் பிரியாணி இருக்கும்போது நிறுத்தினார்கள் என்றால் உங்களிடம் இருக்கும் பாலிசி அந்தப் பயணத்துக்குச் செல்லாது, மொபெட் லாரியில் ஏறிவிடும். சமூக வலைத்தளங்களில் பாதி விலைக்குப் பாலிசி போட்டுத் தருகிறேன் என்பவர்களை நம்பாதீர்கள். போலிச் சான்றிதழ் அடித்துக் கொடுத்துவிட்டுக் காணாமல் போவார்கள், பிடிபடும்போது நிற்பது நீங்கள். பாலிசி உண்மையில் பதிவாகியிருக்கிறதா என்று அந்தப் பீரோவின் இணையதளத்தில் உங்கள் வண்டி நம்பரைப் போட்டுக் காசில்லாமல் பார்த்துக்கொள்ளலாம். அங்கே 'இருக்கிறது' என்று வந்தாலும், உங்கள் பெயர் அதில் இருக்கிறதா என்பதைச் சான்றிதழைத் திறந்துதான் பார்க்க வேண்டும்.

நானும் அன்று ராத்திரி திறந்து பார்த்தேன். சாப்பிட்டு முடித்துப் பிள்ளைகள் தூங்கிய பிறகு, சமையலறை மேசையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு, எங்கள் காரின் சான்றிதழைக் கம்பெனி அனுப்பிய மின்னஞ்சலிலிருந்து இறக்கினேன். இரண்டு மாதத்துக்கு முன்னால் பிரீமியம் குறைகிறது என்று கம்பெனி மாற்றியிருந்தேன். ஓட்ட உரிமை உள்ளவர் என்ற இடத்தில் என் பெயர் இருந்தது. அதற்குக் கீழே ஒன்றும் இல்லை. பழைய பாலிசியில் என் மனைவி பெயர் இருந்தது. புதியதற்கு விவரம் நிரப்பும்போது அதைச் சேர்க்க விட்டிருக்கிறேன்.

இரண்டு மாதமாக ஒவ்வொரு சனிக்கிழமையும் அவள்தான் பிள்ளைகளைத் தமிழ்ப் பள்ளிக்கு அந்தக் காரில் கூட்டிக்கொண்டு போயிருக்கிறாள். பள்ளிக்கூட வாசலில் எப்போதும் ஐம்பது அறுபது பிள்ளைகள் சாலையைக் கடந்துகொண்டிருப்பார்கள்.

திரையை அவள் பக்கம் திருப்பினேன். பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவள் கையைத் துடைத்துவிட்டு வந்து படித்தாள். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "நாளைக்குச் சனிக்கிழமை. இப்பவே போடுங்க" என்றாள்.

அவள் லைசென்ஸ் நம்பர், டெஸ்ட் பாஸ் செய்த தேதி, வேலை எல்லாம் ஒவ்வொன்றாகக் கேட்டது. 38 பவுண்ட் கூடுதல். கட்டி முடித்தபோது மணி பதினொன்றே முக்கால். இரண்டு பெயர் போட்ட புதிய சான்றிதழ் மின்னஞ்சலில் வந்ததும் அதைத் தன் போனுக்கு அனுப்பச் சொன்னாள். திறந்து, தன் பெயரைப் பெரிதாக்கிப் பார்த்து, எழுத்துப் பிழை இல்லை என்று உறுதி செய்துகொண்டு, அதன் பிறகுதான் சமையலறை விளக்கை அணைத்தாள்.